ராணியா, தாசியா? – ஒரு மைசூர் ஓவியத்தின் கதை

ஆனேக்கல், சந்தாபுரா, அத்திபெலே பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஒரு தடவையாவது மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்துவிடும். அங்கே ராஜாக்களின் படங்களை அண்ணாந்து பார்க்கிறோம். அதே உடையார் வம்சத்துப் பெண்கள் மூவரின் படம் ஒன்று நெடுங்காலம் 'நாட்டியக்காரிகள், தாசிகள்' படம் என்றே கருதப்பட்டு வந்தது. அந்த விசித்திரமான வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஆனேக்கல்லும் இந்தக் கதைக்கு அந்நியமல்ல. 1760-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தப்பி ஓடிய ஹைதர் அலி, தன் மைத்துனர் பொறுப்பில் இருந்த ஆனேக்கல்லுக்கு வந்து, அங்கிருந்துதான் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். மறு வருஷமே மைசூர் ஆட்சி அவர் கைக்கு வந்தது. உடையார்கள் பெயருக்கு மட்டும் ராஜா ஆனார்கள்.

வெர்சாய் அரண்மனைப் படங்கள்

மைசூருக்குப் போகுமுன் பிரான்ஸ் தேசத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம், காரணம் இருக்கிறது. அங்கே அரசரின் காதலி என்பது ஒளிவுமறைவான சமாச்சாரம் அல்ல. அரண்மனையில் அது ஒரு பதவி மாதிரி. 15-ஆம் லூயி மன்னரின் காதலியாக 1745-இல் வந்தவர் மதாம் தெ பொம்பதூர். பூஷே என்ற ஓவியர் 1756-இல் வரைந்த அவருடைய படம் இன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. கையில் புத்தகம், பக்கத்தில் எழுதுமேசை, பட்டும் பூவுமான உடை. 'நான் வெறும் அழகி அல்ல, படித்தவள்' என்று அந்தப் படம் சொல்கிறது. அவர் அப்படித்தான் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பினார்.

அவருக்குப் பின் வந்தவர் மதாம் து பாரி. அவரை விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் வரைந்தார். இதே ஓவியர்தான் 1788-இல், திப்பு சுல்தான் பாரிஸுக்கு அனுப்பிய தூதர் முகமது தர்வேஷ் கானையும் வரைந்தார். பாருங்க, அரசரின் காதலியை வரைந்த அதே தூரிகை நம் மைசூர்க்காரரையும் வரைந்திருக்கிறது!

15-ஆம் லூயி 1774 மே 10-ஆம் தேதி பெரியம்மையில் மாண்டார். கடைசி சமயச் சடங்குக்காக, படுக்கையருகே இருந்த து பாரியை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமே புது அரசர் 16-ஆம் லூயி அம்மை குத்திக்கொண்டார். ராஜாவென்றும் பாராமல் கொண்டுபோகும் நோய் அது.

மைசூருக்கு வந்த அம்மைப்பால்

1799-இல் திப்பு வீழ்ந்ததும், ஆங்கிலேயர் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் ஏற்றினார்கள். இதற்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் பாட்டி முறையான மகாராணி லட்சுமி அம்மணி. 1782-இல் அவர் சார்பில் திருமலை ராவ் கம்பெனியாருடன் ஒப்பந்தம் செய்தது எங்கே தெரியுமா? நம் தஞ்சாவூரில்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-இல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தடுப்பு முறை கண்டார். 1802-இல் அது பம்பாய் வந்து சேர்ந்தது. ஒருவர் கைப் புண்ணிலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்த வேண்டும். ஜாதி பார்க்கும் சமூகத்தில் இதற்கு யார் லேசில் கை நீட்டுவார்கள்? அம்மை என்றால் மாரியம்மன் வந்து இறங்குவது என்ற நம்பிக்கை வேறு. ஜனங்களை இணங்க வைக்கப் பெரிய இடத்து உதாரணம் தேவைப்பட்டது.

1805-இல் பன்னிரண்டு வயதை ஒட்டிய தேவாஜம்மணி, கிருஷ்ணராஜருக்கு மணமகளாக அரண்மனைக்கு வந்தார். அந்தச் சமயத்தில் அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி வரைந்ததுதான் நாம் பேசும் படம். கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் இதை ஆராய்ந்து 2001-இல் கட்டுரை எழுதினார். 2007-இல் படம் சோத்பீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தது.

கையைக் காட்டியதன் பொருள்

சான்சலரின் வாதம் இது. வலப்பக்கம் இருப்பவர் இளைய ராணி தேவாஜம்மணி. வழக்கமாகப் புடவை மூடியிருக்க வேண்டிய இடது கையை, அம்மை குத்திய இடம் தெரியும்படி அவர் காட்டுகிறார். இடப்பக்கம் இருப்பவர் அதே பெயருள்ள மூத்த ராணி. அவருடைய மூக்கு, வாயைச் சுற்றி நிறம் மாறியிருக்கிறது. அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் செலுத்தும் பழைய முறையின் தடயம் அது என்கிறார். நடுவில் இருப்பவர் லட்சுமி அம்மணி என்பது அவர் முடிவு.

ஆக, கூச்சத்தை விட்டு ஒரு பெண் கையைக் காட்டியது நாலு பேர் பிழைக்கட்டும் என்பதற்காக. பின்னால் வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்துத் 'தாசி' என்றார்கள்! குலப்பெண்கள் வெள்ளைக்கார ஓவியர் முன் நிற்கவே மாட்டார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு. ஹிக்கியும் 1787-இல் ஓர் இந்தியப் பெண்ணை வரைந்தார். வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கிலேயரின் துணைவி ஜம்தானி அவர் என்று கருதப்படுகிறது. அதனால் எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா?

வித்தியாசம் இதுதான். பிரெஞ்சு அரசரின் காதலிக்குப் பெயர், ஊர், வருஷம் எல்லாம் படத்தோடு நிலைத்தன. மைசூர் ராணிகளுக்குப் படம் நின்றது, பெயர் போயிற்று. இருநூறு வருஷம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து மீட்க வேண்டியதாயிற்று.

அந்த ராணிகள் துணிந்து தொடங்கி வைத்த வேலை வீண்போகவில்லை. 1980-இல் உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் அம்மை குத்திய தழும்பை இன்றும் பார்க்கலாம்.

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில், டிரங்குப் பெட்டிக்குள் பாட்டிகளின் படங்கள் பெயரில்லாமல் கிடக்கின்றன. தாத்தா பெயர் தெரியும், பக்கத்தில் நிற்கும் பாட்டி பெயர் பேரப்பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் படிக்கும் நம் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், வருஷம் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி, சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.