சாதிச் சான்றிதழ் ரத்தானால் வேலை என்ன ஆகும்? - ஒரு வழக்கு வரலாறு

ஸ்காலர்ஷிப் வாங்க, கல்லூரியில் சேர, வேலைக்கு மனுப் போட என்று எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் காகிதம் சாதிச் சான்றிதழ். ஒருமுறை வாங்கி பீரோவில் வைத்து திண்டுக்கல் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டால் கவலை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வேலையில் சேர்ந்து இருபத்தைந்து வருடம் கழித்தும் அதே காகிதம் மறுபடி மேஜைக்கு வரலாம். அப்போது அது செல்லாது என்று சொல்லிவிட்டால் வேலை போகும், பென்ஷனும் போகலாம். இந்தச் சட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

பட்டியல் எங்கிருந்து வந்தது?

அரசியலமைப்பின் 341-வது பிரிவு பட்டியல் சாதிகளுக்கு, 342-வது பிரிவு பழங்குடிகளுக்கு. இந்தப் பிரிவுகளின்படி 1950-ல் ஜனாதிபதி ஆணைகள் வந்தன. அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றத்தால் மட்டுமே முடியும். மாநில அரசாலும் முடியாது, நீதிமன்றத்தாலும் முடியாது.

முதலில் பழங்குடிப் பட்டியலில் வட்டார வரம்பு இருந்தது. ஒரு சமூகம் குறிப்பிட்ட மாவட்டத்திலோ மலையிலோ வசித்தால்தான் பழங்குடி. 1976-ல் வந்த திருத்தச் சட்டம் பெரும்பாலான வரம்புகளை நீக்கியது. மலையிலிருந்து சமவெளிக்கு வந்து குடியேறியவர்களுக்கு இது நியாயமான உதவி. ஆனால் இன்னொன்றும் நடந்தது. பட்டியலில் உள்ள பெயரும் ஊரில் வேறொரு சாதியின் பெயரும் ஒன்றுபோல் ஒலித்தால், உரிமை கோருவது எளிதாகிவிட்டது.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 செப்டம்பர் 15 வரை இது மதுரை மாவட்டத்தின் பகுதி. கொடைக்கானல் மலையிலும் சிறுமலையிலும் பளியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். கீழே சமவெளியில் தெலுங்கு பேசும் தொட்டிய நாயக்கர்களும் ரெட்டியார்களும் பரவலாக வாழ்கிறார்கள். இவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 'காட்டுநாயக்கன்', 'கொண்டாரெட்டி' என்ற பெயர்கள் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் நடந்த சான்றிதழ் வழக்குகளில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வருவது தற்செயல் அல்ல. அதே சமயம் உண்மையான காட்டுநாயக்கர்களும் சமவெளி ஊர்களில் வாழ்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. பெயர்க் குழப்பத்தால் அவர்களும் சேர்ந்தே சந்தேகிக்கப்படுகிறார்கள்.

தாசில்தாரிடமிருந்து ஆர்.டி.ஓ.வுக்கு

ஆரம்பத்தில் பழங்குடிச் சான்றிதழையும் தாசில்தாரே கொடுத்தார். 1989 நவம்பர் 11 தேதியிட்ட அரசாணைக்குப் பிறகு அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டருக்குப் போனது. அடுத்த வருடம், 1990 ஜூனில், பழங்குடிகளுக்குத் தனியாக 1 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதுவரை 18 சதவீதம் இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது.

இந்த 1 சதவீதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வேலையில் ஒன்று. அந்த ஒன்றைத் தகுதி இல்லாத ஒருவர் எடுத்துக்கொண்டால் மிச்சம் பூஜ்யம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடிகள் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்கள் எல்லோருக்கும் இருப்பது இந்த ஒரே வாசல்தான்.

1989-க்கு முன் தாசில்தார் கொடுத்த சான்றிதழ்கள் என்ன ஆகும் என்ற கேள்வி சென்னைத் துறைமுக வழக்கு ஒன்றில் 1997-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தாசில்தார் கொடுத்தது என்ற காரணத்துக்காக மட்டும் அவற்றைத் தள்ளிவிட முடியாது என்று தீர்ப்பு வந்தது. அப்படியானால் அவற்றை ரத்து செய்ய முறையான விசாரணை வேண்டும். அந்த விசாரணைக்கு விதி எங்கே?

1994: பதினைந்து கட்டளைகள்

விதி மூன்று வருடம் முன்பே மகாராஷ்டிராவிலிருந்து வந்திருந்தது. 'மகாதேவ் கோலி' என்ற பழங்குடிப் பெயரில் சான்றிதழ் வாங்கி மருத்துவப் படிப்பில் சேர்ந்த இரண்டு சகோதரிகளின் வழக்கு அது. தந்தையின் பள்ளிப் பதிவேட்டில் 'இந்து கோலி' என்று இருந்தது. 1994 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பளித்த நீதிபதி கே. ராமசாமி அமர்வு, நாடு முழுவதற்கும் 15 கட்டளைகளை வகுத்தது. முக்கியமானவை இவை:

1. ஒவ்வொரு மாநிலத்திலும் மூன்று அதிகாரிகள் கொண்ட ஆய்வுக் குழு வேண்டும்.
2. போலீஸ் அதிகாரியின் தலைமையில் விழிப்புப் பிரிவு சொந்த ஊருக்கே போய் விசாரிக்க வேண்டும்.
3. அறிக்கை பாதகமாக இருந்தால் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.
4. குழுவின் முடிவே இறுதி. 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டும் போடலாம்.

நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேட்பவர் மேல்தான் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் 2007 செப்டம்பரில் வெளியான அரசாணை மாநில அளவிலான ஆய்வுக் குழுவை அமைத்தது. குழுவில் மானுடவியல் அறிஞர் ஒருவரும் உண்டு. திண்டுக்கல்காரர்கள் குழுவின் உத்தரவை எதிர்த்துப் போகும் இடம், 2004 ஜூலை 24-ல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ரிட் வழக்கில் ஒருவர் என்ன சாதி என்று நீதிபதி நேரடியாக முடிவு செய்வதில்லை. குழு ஒழுங்காக முடிவு செய்ததா என்றுதான் பார்ப்பார். விழிப்புப் பிரிவு அறிக்கையின் நகல் கொடுக்கப்பட்டதா? நேரில் விசாரித்தார்களா? பழைய ஆவணங்களைப் படித்தார்களா? காரணம் எழுதினார்களா? ஒன்று குறைந்தாலும் உத்தரவு ரத்தாகி, 'மறுபடி விசாரி' என்று குழுவுக்கே திரும்பிப் போகும். கம்பெனிக் கணக்கில் ஆடிட்டர் வியாபாரத்தை நடத்துவதில்லை, கணக்கு எழுதிய முறையைத்தான் பார்க்கிறார். அதைப் போலத்தான் இதுவும். ஆனால் இந்தப் போக்குவரத்தில் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

ஆவணத்தில் 1950-க்கு முந்திய பள்ளிப் பதிவேடும் வருவாய்ப் பதிவேடும்தான் மிகவும் மதிப்புள்ளவை. இங்கேதான் ஏழைக்குச் சிக்கல். பள்ளிக்கூடமே போகாத, நிலமே இல்லாத ஒரு பளியர் குடும்பத்தில் தாத்தாவின் பதிவேட்டுக்கு எங்கே போவது? 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் முறை ஒழிக்கப்பட்டது. ஊரைத் தலைமுறைகளாக அறிந்த அந்த ஆட்கள் போய், மாறுதலில் வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். முறை நல்லதுதான், ஆனால் காகிதம் இல்லாதவருக்குச் சாட்சி சொல்ல ஆள் குறைந்துபோனது. பழக்கவழக்கம், குலதெய்வம், திருமணச் சடங்கு என்று கேட்டுப் பார்க்கும் 'இனத் தொடர்புச் சோதனை' மட்டுமே முடிவாகாது என்று 2011-லும், பிறகு மூன்று நீதிபதிகள் அமர்வில் 2023 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரோடு கலந்து வாழ்பவரின் பழக்கம் மாறத்தானே செய்யும்!

வேலை போகுமா, போகாதா?

இதில் தீர்ப்புகள் ஊஞ்சல் ஆடின. 1994 வழக்கிலேயே ஒரு சகோதரி படிப்பை முடித்துவிட்டதால் கடைசித் தேர்வு எழுத அனுமதித்தார்கள். 2000 நவம்பரில் ஐந்து நீதிபதிகள், 'கோஷ்டி' என்பவர்கள் 'ஹல்பா' பழங்குடி ஆக மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தாலும், அதுவரை முடிந்துபோன சேர்க்கைகளையும் நியமனங்களையும் தொடவில்லை. 2004-ல் கேரளப் போலீஸ் அதிகாரி ஒருவர் 27 வருட சர்வீஸைக் காட்டிப் பென்ஷனாவது கேட்டார். நியமனமே ஆரம்பத்திலிருந்து செல்லாது, எனவே பென்ஷனும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இன்ஜினியரிங் படித்த அவர் மகன் படிப்பை முடிக்க அனுமதி கிடைத்தது.

2017 ஜூலை 6 அன்று தலைமை நீதிபதி கேஹர், நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட அமர்வு ஊஞ்சலை நிறுத்தியது. சான்றிதழ் செல்லாது என்றால் அதனால் கிடைத்த பலனும் போக வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பது கேள்வி இல்லை. நீண்ட சர்வீஸும் காப்பாற்றாது. வேலையை இழந்த உண்மையான பழங்குடி ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ இருக்கிறார் என்பதுதான் இதன் அடிப்படை.

இருந்தாலும் கதவு முழுவதும் மூடவில்லை. கர்நாடகத்தில் மாநில அரசே சுற்றறிக்கை போட்டுச் சில சமூகங்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கொடுத்தது. பிறகு தவறு தெரிந்து, சான்றிதழைத் திருப்பிக் கொடுப்பவர்களின் வேலையைக் காப்பதாக 2002, 2003-ல் சொன்னது. அதை நம்பிய வங்கி ஊழியர்களை நீக்கக் கூடாது, இனிமேல் பொதுப் பிரிவினராகக் கருத வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தவறு அரசுடையது என்றால் தண்டனை முழுவதையும் ஊழியர் மேல் போடக் கூடாது என்பதே இதன் பொருள்.

1994 தீர்ப்பில் பலரும் மறந்துவிட்ட ஒரு வரி உண்டு. கல்லூரியில் சேரவோ வேலையில் சேரவோ குறைந்தது ஆறு மாதம் முன்பே சரிபார்ப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்பது அது. அந்த ஒன்றை மட்டும் அலுவலகங்கள் ஒழுங்காகச் செய்திருந்தால், பொய்ச் சான்றிதழ் வாசலிலேயே நின்றிருக்கும். உண்மைச் சான்றிதழ் வைத்திருப்பவரும் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் மதுரைக் கிளைக்கும் வீட்டுக்குமாக பஸ் ஏற வேண்டியிருக்காது.