லுணுகலை வீதியில் சைலன்சர்: இரைச்சலுக்கு எண் வந்த வரலாறு

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்குப் போகும் ஏ5 வீதியில் பல இடங்களில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் பாதையோரத்திலேயே இருக்கின்றன. சைலன்சர் மாற்றிய பைக் ஒன்று ஒரு கொண்டை ஊசி வளைவில் கியர் குறைத்தால் எதிர்மலை லயத்திலும் குழந்தை விழிக்கிறது. பிரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குத் தப்படித்து ஆள் கூட்டிய காலத்தில் இந்த எதிரொலி தோட்ட நிர்வாகத்துக்கு உதவியது. இன்று, விடியுமுன் எழ வேண்டிய கொழுந்துக்காரியின் தூக்கத்தை அதுவே கெடுக்கிறது. இந்த இரைச்சலைச் சட்டம் எப்போது, எதைக் கொண்டு அளக்கத் தொடங்கியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தொடக்ககால மோட்டார் வண்டிகள் பலவற்றில் 'கட்-அவுட்' என்ற ஓர் அடைப்பு இருந்தது. ஓட்டுநர் அதைத் திறந்தால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். இன்ஜின் சற்று இலகுவாக ஓடும், தெரு அதிரும். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அயலவர்கள் வழக்காடியதன் விளைவாக, 1920களின் நடுப்பகுதியில் பந்தய வண்டிகளுக்கே சைலன்சர் கட்டாயமானது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இதை நாடுகளுக்கிடையிலான விதியாக்கிற்று. எல்லை கடக்கும் எந்த வண்டியிலும் சைலன்சர் எப்போதும் இயங்க வேண்டும், ஓட்டத்தின்போது ஓட்டுநரால் அதைச் செயலிழக்கச் செய்ய முடியக்கூடாது என்றது. இலங்கையும் 1957இல் அதில் சேர்ந்தது. ஆனால் அந்த விதியில் டெசிபெல் இல்லை. எது மிகையான சத்தம் என்பதைக் காதே தீர்மானித்தது.

எண்ணைக் கொண்டுவந்தது ஐரோப்பா. 1978இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறப்பித்த பணிப்பாணை மோட்டார் சைக்கிள்களுக்கு உச்ச ஒலியளவை வகுத்தது, 500 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு 86 டெசிபெல். அது படிப்படியாகக் குறைந்து, 80 சி.சி. வரை 75, 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80 என்றானது. இன்று ஐக்கிய நாடுகளின் 41ஆம் ஒழுங்குவிதி, புதிய அளவீட்டு முறைப்படி, ஆற்றல் மிகுந்த பைக்குகளுக்கும் 77 என்று வரம்பிடுகிறது. மாற்றுச் சைலன்சருக்கு 92ஆம் ஒழுங்குவிதி தனியாக உண்டு. வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் நாட்டு எண்ணும் பொறித்த சைலன்சர் பரிசோதனையில் தேறியது என்று பொருள். பாரிசில் வாங்கியதை மாட்டிக்கொண்டு மிலானுக்குப் போகிறவருக்கு அந்த முத்திரையே சாட்சி.

ஆனாலும் முத்திரை எல்லா மலைகளிலும் செல்லுபடியாவதில்லை. ஆஸ்திரியாவின் திரோல் மாநிலம் 2020 ஜூன் 10 முதல் ரொய்ட்டெ மாவட்டத்தின் சில வீதிகளில், பதிவுப் பத்திரத்தில் நிலையொலி (நின்றபடி ஓடும் பைக்கின் ஒலி) 95 டெசிபெல்லுக்கு மேல் என்றுள்ள பைக்குகளைக் கோடைப் பருவத்தில் தடுத்தது. கம்பனியிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாத பைக்கும் அதில் அகப்பட்டது. இந்தத் தடை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மாவட்டத்தின் லெக் பள்ளத்தாக்கில் குடியிருப்போரின் முறைப்பாடும் லுணுகலை லயத்தின் முறைப்பாடும் ஒரே முறைப்பாடு. அங்கே அதற்கு ஓர் எண் கிடைத்தது.

இலங்கையில் 1938ஆம் ஆண்டின் மோட்டார் கார் கட்டளைச் சட்டத்தின் இடத்தை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் எடுத்தது. ஆனால் டெசிபெல் நம் சட்டத்துக்குள் வந்தது அந்தச் சட்டத்தின் வழியாக அல்ல, வேறு வழியில். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியாகின. பிரதேச சபை எல்லை தாழ் ஒலிப் பிரதேசம்: பகலில் 55, இரவில் 45. லுணுகலையும் ஒரு பிரதேச சபைதான். ஆனால் அந்த ஒலி, அதை எழுப்பும் பொருள் நிற்கும் காணியின் எல்லையில் அளக்கப்படுகிறது. ஆலைக்குக் காணி உண்டு, ஒலிபெருக்கிக்கும் உண்டு. வளைவில் பறந்து போகும் பைக்குக்கு எந்தக் காணி?

2007இல் வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில், ஒருவரை விருப்பமின்றிக் கேட்கவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்றம் எடுத்தது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளுக்குத் தடை வந்தது. 2011இல் வாகன ஹோர்ன்களுக்குத் தனி ஒழுங்குவிதி வந்தது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்துடன் பொலிஸார் மாற்றியமைத்த வாகனங்களைச் சோதித்தபோது, சைலன்சர் விடயத்தில் வீதியோரத் தீர்ப்பு பெரும்பாலும் காதினுடையதாகவே இருந்தது. காதின் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். வேண்டுமென்றே சத்தம் வைத்தவனும், துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றக் காசில்லாத தோட்டத்துப் பொடியனும் அதன்முன் ஒன்றாகவே நிற்கிறார்கள். ஊவாவின் மழையும் பனியும் தகரத்தை விட்டுவைப்பதில்லை. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய பைக்குகளே மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டு ஓடின.

சத்தமான பைக் வளைவில் உயிர் காக்கும் என்று சொல்வோர் உண்டு. பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்ததைக் கண்ட ஊரில் அந்த வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் சைலன்சரின் வாய் பின்னால் பார்க்கிறது. எதிரே வரும் பஸ்ஸுக்கு எச்சரிக்கை தேவைப்படுவது முன்னால். அதற்குத்தான் ஹோர்ன் இருக்கிறது.

இங்கு ஓடும் பைக்குகளில் மிகப் பல இந்தியாவில் செய்யப்பட்டவை. ஐரோப்பாவின் அந்த 75, 77, 80 வரம்புகளை 2000களில் இந்தியாவும் ஏற்றது. எனவே 150 சி.சி. பைக் ஒன்று 77 டெசிபெல்லுக்குள் தேறித்தான் கடல் கடக்கிறது. சைலன்சர் மாறும் நாளில் அந்த எண்ணும் தொலைகிறது. அதைத் திரும்பப் பிடிக்க ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கு முன் ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனையில், நின்றபடி ஓடும் பைக்கின் சைலன்சருக்குள் கருவியைச் செருகிக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். ஐரோப்பிய நிலையொலிச் சோதனையில் ஒலிமானியை வைப்பதும் அதே வாயிலிருந்து 50 சென்றிமீற்றர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில்தான்.