மூன்று முறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்



புது இசைத்தொகுப்பு வந்தாலே "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். 1976-ல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தபோது என் அப்பா கேட்டார். அவரோடு சண்டை போட்டேன். 1986-ல் ராஜா, படமே இல்லாமல் 'ஹவ் டு நேம் இட்' என்ற தனித்தொகுப்பைத் தந்து, தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். திருவள்ளூரில் கேசட் வாங்கி, தேயும்வரை கேட்டேன்.

1992-ல் ரஹ்மானின் முதல் படம், 'ரோஜா'. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடைகளில் ஷிப்டுக்கு ஷிப்டு அதே கேசட்தான். வகுப்பில் மேசையில் தாளம் போட்ட பையனை எழுப்பி, "கம்ப்யூட்டர் சத்தமெல்லாம் பாட்டாகாதுடா" என்றேன்.

"சார், உங்க அப்பாவும் ராஜாவை இப்படித்தானே சொன்னார்?" என்றான். வகுப்பே சிரித்தது. அவனை வெளியே நிற்க வைத்தேன். அதே படத்துக்கு ரஹ்மான் தேசிய விருது பெற்றார். 2005-ல் 'டைம்' இதழ் உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் அதையும் சேர்த்தது.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் மேடையேறியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்த இசை. பெயர், அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. பேத்தி அதைப் போட்டுக் காட்டியதும் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வெளியே நின்ற அந்தப் பையனின் முகமும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் முறை கேட்டபோதுதான் வரிகள் உள்ளே இறங்கின.

தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. இப்போது என்ன கேட்கிறாய் என்று எழுது. நானும் கேட்கிறேன்.