கேமரன் மலைக்கு டிரோன் கொண்டு செல்வோர் கவனத்திற்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் படம்பிடிக்க 249 கிராம் எடையுள்ள மினி டிரோன்களைப் பலர் கொண்டு செல்கின்றனர். எடை ஒரு பொருட்டல்ல, ஈரம்தான் பிரச்சினை. இவற்றில் பெரும்பாலானவை நீர்புகாத் தன்மை அற்றவை. பனிமூட்டத்தில் பறக்கவிட்டால் மோட்டாரிலும் கேமராவிலும் ஈரம் ஏறும்.

பலர் கவனிக்காதது இறங்கும்போது நடப்பது. மலைக் குளிரில் இருந்த டிரோனைத் தாப்பா வெக்கையில் உடனே வெளியே எடுத்தால் லென்சில் நீர் பூக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது விடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கட்டும். கேமரா மூடியைப் போட்டு, இறக்கைகளை மடித்து வையுங்கள். உபரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு போடாதீர்கள். முனைகள் உரசினால் தீப்பிடிக்கலாம்.

பறக்கவிடும் முன் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணைய விதிகளைப் பார்த்துவிட்டு, தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். கொழுந்து பறிப்போரின் தலைக்கு மேல் மட்டும் வேண்டாம்.