வடதிசைப் பாதைகள் – 14: ஆள் சுமந்த பைக்குகள்

1934 ஜூலையில் கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்து ஐந்து சித்ரோயன் வண்டிகள் வடமேற்கே புறப்பட்டன. முன்னால் சக்கரம், பின்னால் ரப்பர் பட்டை. பாதி கார், பாதி டாங்கி. தலைவர் சார்லஸ் பெடோ, தொழிலாளர்களின் வேலையை நிமிடக் கணக்கில் அளந்து கோடீஸ்வரரான திறன் ஆலோசகர். மனைவி, பணிப்பெண், சினிமா ஒளிப்பதிவாளர், நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள், ஷாம்பெயின் புட்டிகள் என்று ஊர்வலமே கூடப் போயிற்று. மழையும் சேறும் சேர்ந்து வண்டிகளைப் பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே மடக்கிவிட்டன. படத்துக்காவது உதவட்டும் என்று இரண்டை மலையிலிருந்து உருட்டிவிட்டார்கள். இன்னொன்றைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றோடு விட்டு, வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். வெடி வெடிக்கவில்லை. திறன் ஆலோசகருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா!

ஐந்து ஆண்டு கழித்து, 1939 மே மாதம், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலிருந்து இரண்டே பேர் இரண்டு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களில் கிளம்பினார்கள். இலக்கு சியாட்டில். ஒருவர் ‘ஸ்லிம்’ வில்லியம்ஸ், ஐம்பதைத் தாண்டிய வேட்டைக்காரர். மற்றவர் ஜான் லோகன், இளைஞர்.

அலாஸ்கா அமெரிக்காவுடையது, ஆனால் நடுவே கனடா கிடந்ததால் கப்பலை விட்டால் வழியில்லை. தரைவழி சாத்தியம் என்று காட்ட, 1932-ல் ஸ்லிம் நாய்வண்டியில் புறப்பட்டுச் சிகாகோ உலகக் கண்காட்சி வரை போனவர். பனி தீர்ந்த இடத்தில் வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டார். அதிபர் ரூஸ்வெல்ட்டையும் சந்தித்தார். பாராட்டு கிடைத்தது, சாலை கிடைக்கவில்லை. நாய் போனால் கார் போகுமா என்று யாரும் கேட்கலாமே!

அதற்குப் பதிலான இந்த மோட்டார் சைக்கிள் பயணம்தான் இரண்டில் கடினமானது என்பேன். குளிர்காலத்தில் ஆறும் சதுப்பும் உறைந்து, நாய்வண்டிக்குத் தளம் போட்டுக் கொடுத்துவிடும். கோடையில் நிலத்தின் மேல்பரப்பு மட்டும் இளகும். அடியில் மண் இறுகி உறைந்தே இருக்கும். தண்ணீர் கீழே இறங்காது. பாசி மூடிய அந்தச் சேற்றை அங்கே ‘மஸ்கெக்’ என்பார்கள். சக்கரம் அதில் சுழலுமே தவிர நகராது. போதாததற்குக் கொசுப்படை.

தொடக்கத்தில் பிக் டெல்டா வரை சாலை இருந்தது. தெற்கே ஹேசல்டனுக்குப் பிறகும் இருந்தது. இடையில்தான் வனாந்தரம். ஒற்றையடித் தடங்கள், பாலமில்லாத ஆறுகள். அங்கே பைக்கின் பெருமை அதன் எஞ்சினில் இல்லை. சிக்கினால் இரண்டு பேர் தூக்கிவிடலாம், சிறு தெப்பத்தில் அக்கரை சேர்க்கலாம். சித்ரோயனுக்கு அந்த வசதி ஏது? ஆறு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. டிசம்பரில்தான் சியாட்டில் போய்ச் சேர்ந்தார்கள். பைக் ஆளைச் சுமந்த நேரத்தைவிட ஆள் பைக்கோடு மல்லுக்கட்டிய நேரமே அதிகம் இருந்திருக்கும்.

அந்தப் பயணத்தால்தான் அலாஸ்காவுக்குச் சாலை வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 மார்ச்சில் சாலை வேலை தொடங்கிவிட்டது. அதுவும் ஸ்லிம் வற்புறுத்திய, ஹேசல்டன் பக்கமான மேற்கு வழியில் அல்ல. விமானத் தளங்களை இணைக்க வேண்டும் என்று ராணுவம் ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக் பக்கமாகக் கோடு கிழித்தது. மேற்கு வழியின் ஒரு பகுதிக்கு ஸ்டூவர்ட்–கேசியார் நெடுஞ்சாலை வர 1972 ஆயிற்று.

ராணுவச் சாலை சுமார் 2,700 கிலோமீட்டர்; அக்டோபர் கடைசிக்குள் இரு முனையும் இணைந்துவிட்டன. போட்டவர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். தனிப் படைப்பிரிவுகளாகவே பிரித்து அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)