ரேடியோ நெல்

காவிரி டெல்டாவில் ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பேர் இருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அதற்கு வைத்த பேர் ஏ.டி.டி. 27. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம்ம ஊர் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து உருவாக்கிய குறுகிய காலப் பயிர். 105 நாளில் அறுவடை, குறுவைக்கு ஏற்றது. ஆனால் விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். திருச்சி வானொலியில் கேட்டு விதைத்த நெல், அவ்வளவுதான்.

இப்போ எந்தத் தொழில் தொடங்கினாலும், ‘ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிங்க, வாடிக்கையாளரோட நெருக்கமாகலாம்’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். என்ன மைக், எத்தனை நிமிஷம் என்றெல்லாம் ஆலோசனை கிடைக்கும். குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளை வயல் வரைக்கும் கொண்டுபோன கதை நம் பக்கத்திலேயே இருக்கு. அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. சென்னை நிலையத்துக்கு அப்போது ஒரு வயசுகூட ஆகவில்லை. கச்சேரி, நாடகம், செய்தி, திருவையாறு ஆராதனை, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறக்கும்போது நேர்முக வர்ணனை. கோயிலுக்குப் போக முடியாத பாட்டிக்கு அந்தக் குரல்தான் வாசல். யாரிடமும் எதையும் விற்காமல், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சேர்ந்த நம்பிக்கை அது.

விற்பவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அகில இந்திய வானொலியில் 1967 வரை விளம்பரம் கிடையாது. சோப்பும் பற்பசையும் விற்ற கம்பெனிகள் கடல் தாண்டி, 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்குப் போயின. மயில்வாகனனின் குரலுக்காகவும் சினிமாப் பாட்டுக்காகவும் நம் ஆட்கள் கொழும்பைத் திருப்பினார்கள். நடுவில் வந்த விளம்பரத்தையும் கேட்டார்கள். 1952இல் அங்கிருந்து இந்தியில் வந்த ‘பினாகா கீத்மாலா’வில் பற்பசையின் பேரே நிகழ்ச்சியின் பேராகிவிட்டது.

திருச்சியில் நடந்தது இதற்குத் தலைகீழ். நிகழ்ச்சிக்குப் பொருளின் பேர் ஒட்டவில்லை. பொருளுக்கு வானொலியின் பேர் ஒட்டியது. அதுவும் யாரும் காசு கொடுக்காமல், கேட்டவர்களே வைத்தது.

எப்படி? 1966இல் நாட்டின் பத்து நிலையங்களில் பண்ணை, இல்ல ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. திருச்சி அதில் ஒன்று. விவசாயம் படித்தவர்கள் நிலையத்துக்குள் வந்தார்கள். நாற்றங்கால் போடும் நேரத்தில் நாற்றங்கால் பற்றியும், உரம் வைக்கும் நேரத்தில் உரம் பற்றியும் பேச்சு. பயிரின் நாள்கணக்குதான் நிகழ்ச்சியின் நாள்கணக்கு. ‘எங்க நெல் சிறந்தது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். ‘இந்த வாரம் என்ன செய்யணும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னதால்தான் அறுவடை வரை கேட்டார்கள்.

இதோடு முடித்தால் இது ஒரு வெற்றிக் கதை. எனக்கு அப்படி முடிக்க மனசில்லை.

அந்தக் குரல் யாரிடம் பேசியது? எந்த ரகம், எவ்வளவு உரம் என்று முடிவு செய்யக்கூடியவரிடம், அதாவது நிலம் வைத்திருந்தவரிடம். நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் பஞ்சாயத்து ரேடியோவில் அதே நிகழ்ச்சியைக் கேட்டிருக்கலாம்; ஆனால் அது அவர்களுக்கான பேச்சு இல்லை. விளைச்சல் பெருகிய அதே வருஷங்களில் கீழத்தஞ்சையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதற்கு ஒரு நெல் ரகத்தையோ வானொலியையோ குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விதை முதல் அறுவடை வரை அத்தனை அக்கறையாகச் சொல்லிக்கொடுத்த பேச்சில், அறுத்த பிறகு யாருக்கு எத்தனை மரக்கால் என்பது பாடமாக இல்லை.

குரலுக்கு நம்பிக்கையை உண்டாக்கும் சக்தி இருக்கு. ரேடியோ நெல்லே சாட்சி. அதனால்தான் மைக் முன்னால் உட்காருகிறவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்குக் கேட்பவருக்கு நாளைக்கு என்ன வேலை இருக்கு? நம் பொருளை உண்டாக்கும் கைகளில் எந்தக் கையோடு நாம் இன்னும் பேசவே இல்லை?