இயந்திரத்துக்கு மனம் உண்டாகுமா?

 

“சார், பேசுற கம்ப்யூட்டருக்கு நம்மள மாதிரி வலி, சந்தோஷம் எல்லாம் தெரியுமா?” என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. சற்றுப் பார்ப்போமா?

1770ஆம் ஆண்டு வியன்னா நகரில், மரியா தெரேசா அரசியின் சபைக்குக் கெம்பெலன் என்பவர் ஒரு பொம்மையைக் கொண்டு வந்தார். தலைப்பாகை கட்டிய அந்தப் பொம்மை, ஒரு பெட்டியின் பின்னால் அமர்ந்து சதுரங்கம் ஆடியது. 1809இல் நெப்போலியனும் அதனிடம் தோற்றார். பொம்மைக்கு மூளை இருக்கிறதென்று பலரும் நம்பினர். உண்மை என்ன தெரியுமா? பெட்டிக்குள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருந்தான்! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், புகைக்கு நடுவே முடங்கி உட்கார்ந்து அவன்தான் ஆடினான். கைதட்டல் பொம்மைக்கு, கஷ்டம் அவனுக்கு.

1966இல் அமெரிக்கப் பேராசிரியர் வைசன்பாம், ‘எலைசா’ என்ற கணிப்பொறித் திட்டத்தை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் வார்த்தையையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. அது உருவானதைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதனுடன் பேசத் தொடங்கியதும், “கொஞ்சம் வெளியே இருங்கள்” என்று பேராசிரியரை அனுப்பிவிட்டாராம்!

1997இல் ‘டீப் புளூ’ என்ற கணிப்பொறி, உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. இம்முறை பெட்டிக்குள் ஆள் இல்லை. விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அது கணக்கிட்டது. ஆனால் வென்றதற்காக அது மகிழ்ந்தது என்று அதை உருவாக்கியவர்களும் கூறவில்லை. கெட்டிக்காரத்தனம் வேறு, உணர்வு வேறு.

மூளையும் உயிரணுக்களால் ஆன ஓர் அமைப்புத்தான். ஆகவே இயந்திரத்திலும் உணர்வு உண்டாகலாம் என்பார் சிலர். அழுவதுபோல் பேசுவது அழுகை ஆகாது என்பார் வேறு சிலர். அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பேச்சை மட்டும் வைத்து நாம் முடிவு கட்டக்கூடாது.

ஆனால் பெட்டிக்குள் இருந்தவனை என்னால் மறக்க முடியவில்லை. நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் பெரட்டில் நின்றார்கள். தலைகளை எண்ணிச் செக்ரோலில் குறித்தார்கள். அந்தத் தலைக்குள் இருந்த கவலையை யாரும் குறிக்கவில்லை. ஊரெங்கும் டயர் ஓடியது. பால்மரம் வெட்டிய கை யார் கண்ணிலும் படவில்லை. இல்லாத மனத்தைப் பொம்மையிடம் கண்ட உலகம், இருக்கிற மனத்தை மனிதரிடம் காணத் தவறியது.

தம்பி தங்கைகளே! இயந்திரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்; கண்டு மயங்காதீர்கள். என்றாவது அதற்கு உணர்வு வந்தால், அதையும் நியாயமாக எண்ணிப் பார்க்கும் மனம் நமக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள். வேலைக்காட்டிலிருந்து களைத்து வரும் அம்மாவிடம், “கை வலிக்குதாம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.